மாத்திரை அட்டை தீர்வதற்கு முன்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

உங்கள் கையில் இன்று எத்தனை நாளுக்கு மாத்திரை இருக்கிறது? மேலே படிப்பதற்கு முன் எழுந்துபோய் ஒருமுறை எண்ணிவிட்டு வாருங்கள். நாற்பது நாளுக்கு மேல் இருந்தால் நிதானமாகப் படிக்கலாம். குறைவாக இருந்தால் ஜிபியிடம், அதாவது இங்குள்ள குடும்ப டாக்டரிடம், பதிவு செய்வது பற்றிய பகுதிக்கு நேராகப் போய் இன்றைக்கே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

ஊரில் தெருமுனை மெடிக்கலில் காலி அட்டையை நீட்டி, "அண்ணே, இதுல ரெண்டு அட்டை" என்றால் வேலை முடிந்தது. இங்கே அப்படி இல்லை. பிரஷர், சர்க்கரை, தைராய்டு, கொலஸ்டிரால் என்று தினமும் சாப்பிடும் எந்த மாத்திரையும் இங்குள்ள மருத்துவர் எழுதாமல் கடையில் கிடைக்காது. மருத்துவர் எழுத வேண்டுமானால் நீங்கள் அவரிடம் பதிவாகியிருக்க வேண்டும். அவர் உங்களைப் பார்த்து, தேவைப்பட்டால் ரத்தமும் எடுத்துப் பார்த்த பிறகுதான் சீட்டு வரும்.

2016-ல் நாங்கள் ரெடிங் நகருக்கு வந்தபோது இது எனக்குத் தெரியாது. என் மனைவிக்குத் தைராய்டு. மூன்று மாத மாத்திரையோடு வந்திருந்தோம். வீடு தேடுவது, பேங்க் கணக்கு, பையனுக்குப் பள்ளி என்று ஓடிக்கொண்டிருந்ததில் மாத்திரையை யாரும் நினைக்கவில்லை. கடைசி அட்டையில் நான்கு மாத்திரை இருந்தபோது சென்னை டாக்டரின் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அந்தச் சீட்டுக்கு மருந்து தர இங்கே சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று பார்மசிஸ்ட் பொறுமையாகச் சொன்னார். ஜிபி பதிவு, காத்திருப்பு, ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து மாத்திரை கைக்கு வருவதற்குள் பதினேழு நாள் அவள் மருந்தில்லாமல் இருந்தாள். மாலை ஐந்து மணிக்கே படுத்துவிடுவாள். குளிர் தாங்காமல் வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டரோடு இருப்பாள். அந்தப் பதினேழு நாள் வேறு யாருக்கும் வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முன் ஊரில் செய்ய வேண்டியவை

முதல் வேலை, உங்கள் மருத்துவரிடம் டைப் செய்த ஒரு கடிதம் வாங்குவது. கையால் எழுதிய சீட்டை இங்கே யாராலும் படிக்க முடியாது. கடிதத்தில் என்ன நோய், எத்தனை வருடமாக, என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் அதோடு சேர்த்து வையுங்கள். இரண்டையும் படம் எடுத்து ஃபோனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் மருந்தின் உண்மையான பெயர் இருக்க வேண்டும், பிராண்ட் பெயர் போதாது. நமக்குத் தெரிந்தது பிராண்ட்தான்: தைரோநார்ம், குளைகோமெட், டெல்மா, ஈகோஸ்ப்ரின். இங்குள்ள மருத்துவருக்கு இந்தப் பெயர்கள் எதுவும் புரியாது. தைரோநார்ம் என்பது லெவோதைராக்சின். குளைகோமெட் மெட்ஃபார்மின். டெல்மா டெல்மிசார்டன். ஈகோஸ்ப்ரின் ஆஸ்பிரின். ஆம்லாங் ஆம்லோடிபின். பான் 40 பான்டோபிரசோல். டோலோ 650 கூட வெறும் பாராசிட்டமால்தான். அட்டையின் பின்பக்கத்தில் பிராண்டுக்குப் பக்கத்திலேயே இந்தப் பெயர் அச்சாகியிருக்கும். அதனால் வெட்டாத முழு அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். மெடிக்கலில் கத்தரித்துக் கொடுக்கும் ஆறு மாத்திரைத் துண்டில் பெயர் பாதி இருக்காது, காலாவதி தேதியும் போய்விடும்.

கூட்டு மாத்திரைகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் இரண்டு மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையில் அடைத்து விற்பது மிகச் சாதாரணம். டெல்மா-ஏஎம் என்றால் டெல்மிசார்டனும் ஆம்லோடிபினும். குளைகோமெட்-ஜிபி என்றால் மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும். இங்கே பெரும்பாலும் அவற்றைத் தனித்தனி மாத்திரையாகத்தான் எழுதுவார்கள். சில மருந்துகள் இங்கே அறவே கிடையாது. சர்க்கரைக்கு நம் ஊரில் நிறையப் பேர் சாப்பிடும் டெனலிகிளிப்டின் அப்படிப்பட்டது. அதற்குப் பதில் சிடாகிளிப்டினோ லினாகிளிப்டினோ தருவார்கள். அதே வகை மருந்துதான், பயப்பட வேண்டாம். ஆனால் மாற்றும்போது சர்க்கரை அளவைக் கொஞ்ச நாள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உங்கள் மாத்திரையில் என்னென்ன மருந்து எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்பதை ஊர் டாக்டரிடமே பிரித்து எழுதி வாங்கிவிட்டால் இந்த மாற்றம் ஒரே சந்திப்பில் முடியும்.

எவ்வளவு கொண்டுவரலாம்? சாதாரண மாத்திரைகள் மூன்று மாதத்துக்கு இருந்தால் நல்லது. கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் மருந்துகளுக்குத்தான் கண்டிப்பான விதி. டிராமடால், குளோனசெபாம், டயசெபாம், அல்பிரசோலம், பிரிகாபாலின், காபாபென்டின் எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. சர்க்கரையால் கால் எரிச்சல் இருப்பவர்களுக்கு நம் ஊரில் பிரிகாபாலின் தாராளமாக எழுதுகிறார்கள். 2019 ஏப்ரல் முதல் இங்கே அது கட்டுப்பாட்டு மருந்து. இப்படிப்பட்டவற்றை மூன்று மாதத்துக்குக் குறைவாக, அது உங்களுக்காக எழுதப்பட்டது என்று காட்டும் மருத்துவர் கடிதத்தோடு கொண்டுவர வேண்டும். அதற்கு மேல் என்றால் இங்குள்ள உள்துறையின் லைசென்ஸ் தேவை.

அல்பிரசோலம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மருந்தை இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸில் எழுதித் தருவதே இல்லை. வருடக்கணக்காகச் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கிளம்புவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே உங்கள் மருத்துவரிடம் இதைச் சொல்லி, குறைப்பதா மாற்றுவதா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டி ஒரு வாரம் கழித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்சுலினைப் பெட்டியில் போடவே கூடாது. விமானத்தின் சரக்குப் பகுதியில் உறைந்துவிட்டால் அது பயன்படாது.

ஜிபி பதிவு: வந்த முதல் வாரத்தில்

ஜிபி என்பவர் நம் ஊர்க் குடும்ப டாக்டர் மாதிரி. அவர் இருக்கும் கிளினிக்கை இங்கே 'சர்ஜரி' என்பார்கள். அறுவைச் சிகிச்சை என்று எண்ணி யாரும் கலங்க வேண்டாம், பேர்தான் அப்படி. உங்கள் போஸ்ட்கோடை என்எச்எஸ் இணையதளத்தில் போட்டால் பக்கத்திலுள்ள சர்ஜரிகள் வரும். பல இடங்களில் இணையத்திலேயே பதிவு செய்யலாம். இல்லையென்றால் நேரில் போய்ப் பதிவுப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது.

பாஸ்போர்ட்டும் வீட்டு முகவரிக்கு அத்தாட்சியும் கேட்பார்கள். இருந்தால் கொடுங்கள். வீட்டு ஒப்பந்தம் இன்னும் வரவில்லை, நண்பர் வீட்டில் இருக்கிறீர்கள் என்றாலும் பதிவு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. அடையாள அட்டையோ முகவரி அத்தாட்சியோ விசா விவரமோ இல்லை என்பதற்காகப் பதிவை மறுக்கக் கூடாது என்பது என்எச்எஸ்ஸின் விதி. எங்களை ஒரு சர்ஜரியில் கரன்ட் பில் வந்த பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். விதி தெரியாததால் நாங்களும் திரும்பி வந்துவிட்டோம். அந்தப் பதினேழு நாளில் ஒன்பது நாள் அப்படிப் போனது. நீங்கள் அப்படித் திரும்பாதீர்கள். விதியைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள், அல்லது அடுத்த சர்ஜரிக்குப் போங்கள்.

இங்கே பெயர் விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ கணவர் பெயரோ குடும்பப் பெயர் இடத்தில் ஏறியிருக்கும். சிலருக்கு அந்த இடம் காலியாகவே இருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்து மாறாமல் படிவத்தில் எழுதுங்கள். சர்ஜரியில் ஒரு மாதிரி, மருந்துக் கடையில் ஒரு மாதிரி, கட்டண விலக்குச் சான்றில் வேறு மாதிரி என்று ஆகிவிட்டால் ஒவ்வொரு முறையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். கடையில் மருந்துப் பைகளைக் குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படிதான் அடுக்கி வைத்திருப்பார்கள். அதனால் கவுன்டரில் உங்கள் பெயரைச் சொல்லி "இல்லை" என்று பதில் வந்தால், அப்பா பெயரைச் சொல்லிப் பாருங்கள். எங்களுக்குப் பலமுறை பை அங்கேதான் இருந்திருக்கிறது.

பதிவானதும் பத்து இலக்கத்தில் ஒரு என்எச்எஸ் எண் வரும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சந்திப்பு

பதிவு முடிந்த அன்றே, "நான் தினமும் மருந்து சாப்பிடுகிறேன், இத்தனாம் தேதியோடு தீர்ந்துவிடும்" என்று தேதியைச் சொல்லி அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள். தேதி சொல்வது முக்கியம். "மருந்து வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால் மூன்று வாரம் கழித்துத்தான் நேரம் கிடைக்கலாம். பல சர்ஜரிகளில் காலை எட்டு மணிக்கு ஃபோன் லைன் திறந்ததும் அழைக்க வேண்டும். மருத்துவருக்குப் பதில் சர்ஜரியிலேயே இருக்கும் பார்மசிஸ்ட் உங்களிடம் பேசுவார் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். மருந்து விஷயத்தில் அவர்கள் நிதானமாகப் பேசுவார்கள் என்பது என் அனுபவம்.

கடிதம், அட்டைகள், ரத்த முடிவுகள் மூன்றையும் கொண்டுபோங்கள். நீங்கள் சாப்பிடும் சித்த மருந்து, ஆயுர்வேத லேகியம், வீட்டிலிருந்து வந்த சூரணம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். சில மருந்துகளோடு அவை ஒத்துப்போகாது.

ரத்த முடிவுகளில் அலகு மாறும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ஊரில் சதவீதத்தில் வரும், இங்கே வேறு அளவையில் வரும். ஊரில் 7 சதவீதம் என்பது இங்கே 53. ஊரில் 6.5 என்பது இங்கே 48. 53 என்று முதன்முதலில் பார்ப்பவர்கள் திடுக்கிட்டுப் போகிறார்கள். விரலில் குத்திப் பார்க்கும் சர்க்கரையும் அப்படித்தான். ஊரில் 126 என்பதை இங்குள்ள மீட்டர் 7 என்று காட்டும். இங்குள்ள எண்ணை 18 ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கு வந்துவிடும்.

இன்சுலின் போடுபவர்கள் அடுத்த பத்தியை இரண்டு முறை படியுங்கள்.

நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் யு-40. ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்கென்று சிவப்பு மூடி போட்ட சிரிஞ்ச். இங்கே கிடைக்கும் வழக்கமான இன்சுலின் யு-100, ஒரு மில்லியில் 100 யூனிட். ஊரிலிருந்து கொண்டுவந்த சிவப்பு மூடி சிரிஞ்சில் இங்குள்ள இன்சுலினை எடுத்தால், அதே கோட்டுக்கு இரண்டரை மடங்கு மருந்து உடம்புக்குள் போகும். சர்க்கரை திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். இங்குள்ள இன்சுலின் வந்ததும் ஊர் சிரிஞ்சுகளைத் தனியாக எடுத்துவைத்து, மருந்துக் கடையில் கேட்டு ஊசிகளைப் போடும் மஞ்சள் டப்பாவில் போட்டுவிடுங்கள். நீங்கள் குப்பியிலிருந்து சிரிஞ்சில் எடுத்துப் போடுபவர் என்பதையும் நர்ஸிடம் சொல்லுங்கள். இங்கே பெரும்பாலும் பேனாதான் தருவார்கள், பழக்கியும் விடுவார்கள்.

தைராய்டு மாத்திரைக்கு வேறொரு குறிப்பு. ஊரில் 62.5, 88, 112 என்று பல அளவில் வரும். இங்கே 25, 50, 100 மைக்ரோகிராம்தான் வழக்கம். அதனால் இரண்டு மூன்று மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிடச் சொல்வார்கள். கம்பெனி மாறும்போது சிலருக்குப் படபடப்போ சோர்வோ வரும். அப்படி வந்தால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். ஒரே கம்பெனி மருந்தைத் தொடர்ந்து தருவதைப் பரிசீலிக்கலாம் என்று மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2021-ல் மருத்துவர்களுக்குச் சொல்லியிருக்கிறது. வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன், கார்பமசெபைன் சாப்பிடுபவர்கள் இதைவிடக் கண்டிப்பாக ஒரே கம்பெனி மருந்தில் இருக்க வேண்டும். கடையில் வேறு டப்பா கொடுத்தால் வாங்குவதற்கு முன் பார்மசிஸ்டிடம் கேளுங்கள்.

சீட்டு கடைக்குப் போவது எப்படி

காகிதச் சீட்டு இப்போது அபூர்வம். ஜிபி எழுதுவது கணினி வழியே நீங்கள் குறித்துக் கொடுத்த மருந்துக் கடைக்குப் போய்விடும். இதை 'நாமினேட்' செய்வது என்பார்கள். பூட்ஸ் போன்ற பெரிய கடையாகவும் இருக்கலாம், தெருமுனையில் இருக்கும் சின்னக் கடையாகவும் இருக்கலாம். தொடர்ந்து மருந்து வாங்குபவர்களுக்கு நான் சின்னக் கடையைத்தான் சொல்வேன். உங்கள் முகம் தெரிந்த பார்மசிஸ்ட் ஒருவர் இருப்பது பெரிய பலம். எங்கள் கடைக்காரர் ஒரு குஜராத்தி. என் மனைவியின் மாத்திரை கம்பெனி மாறினால் பையில் போடும்போதே அவர் சொல்லிவிடுவார்.

எழுதிய அன்றே மருந்து இருக்காது. ஒன்றிரண்டு நாள் ஆகும். பெயரும் போஸ்ட்கோடும் சொல்லி வாங்குங்கள். கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் பையைத் திறந்து மருந்தின் பெயர், மில்லிகிராம், எண்ணிக்கை மூன்றையும் பாருங்கள். கடையைத் தாண்டிப் போன மருந்தை அவர்கள் திரும்ப வாங்கி வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. நீங்கள் திருப்பிக் கொடுத்தாலும் அழிக்கத்தான் செய்வார்கள்.

புது மருந்து ஒன்றைத் தொடங்கியிருந்தால், அது ஒத்துக்கொள்கிறதா என்று சில வாரம் தொடர்ந்து விசாரிக்கும் இலவசச் சேவை ஒன்று கடைகளில் இருக்கிறது. பிரஷர், சர்க்கரை மருந்துகள் அதில் அடங்கும். அவர்களே கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

எவ்வளவு செலவாகும்

விசாவுக்கு மருத்துவக் கட்டணமாகப் பெரியவர்கள் வருடத்துக்கு 1,035 பவுண்டு, மாணவர்கள் 776 பவுண்டு கட்டிவிட்டுத்தான் வருகிறோம். ஆனாலும் இங்கிலாந்தில் மருந்துக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் மருந்துச்சீட்டுக்குக் கட்டணம் கிடையாது. நான் சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும்.

2024 மே முதல் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. மருந்தின் விலை என்னவாக இருந்தாலும், எத்தனை மாத்திரை எழுதியிருந்தாலும் இதே தொகைதான். கணக்கு மருந்து வகைக்கு, எண்ணிக்கைக்கு அல்ல. இங்கேதான் கூட்டு மாத்திரை விஷயம் கையைக் கடிக்கிறது. ஊரில் ஒரே மாத்திரையாகச் சாப்பிட்டது இங்கே இரண்டாகப் பிரிந்தால் கட்டணமும் இரட்டிக்கும். பிரஷருக்கு இரண்டும் கொலஸ்டிராலுக்கு ஒன்றும் சாப்பிடுபவர் மாதாமாதம் 29.70 கட்ட வேண்டும், வருடத்துக்கு 356.40.

அப்படிக் கட்டத் தேவையில்லை. என்எச்எஸ் முன்கட்டணச் சான்று ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்கு 114.50 பவுண்டு கட்டினால் எத்தனை மருந்து வாங்கினாலும் வேறு காசு இல்லை. பத்துத் தவணையாகவும் கட்டலாம். மூன்று மாதத்துக்கு 32.05. வருடத்தில் பன்னிரண்டு முறை மருந்துக்குக் கட்டணம் கட்டுபவர் யாராக இருந்தாலும் இதை எடுத்துவிடுவது லாபம். என்எச்எஸ் இணையதளத்திலேயே வாங்கலாம்.

அதைவிட முக்கியமானது மருத்துவ விலக்குச் சான்று. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், தைராய்டு குறைபாட்டுக்குத் தைராக்சின் சாப்பிடுபவர்கள், வலிப்புக்குத் தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு எல்லா மருந்தும் இலவசம். அந்த நோய்க்கான மருந்து மட்டுமல்ல, சளிக்கு எழுதிய மருந்தும் சேர்த்துத்தான். சாப்பாட்டுக் கட்டுப்பாட்டிலேயே சர்க்கரையை வைத்திருப்பவர்களுக்கு இது கிடையாது. பிரஷருக்கும் ஆஸ்துமாவுக்கும் கிடையாது. அது நியாயமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் விதி இன்று வரை அப்படித்தான்.

இந்தச் சான்று தானாக வராது. ஜிபியிடம் எஃப்பி92ஏ படிவம் கேட்டு வாங்க வேண்டும். அவர்கள் கையெழுத்திட்டு அனுப்பினால் ஐந்து வருடத்துக்குச் சான்று வரும். என் மனைவிக்கு இப்படி ஒன்று இருக்கிறது என்று சர்ஜரியில் யாரும் சொல்லவில்லை. எட்டு மாதம் காசு கட்டினோம். பின்னால் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. சான்று வருவதற்குள் காசு கட்ட நேர்ந்தால், கட்டும்போதே எஃப்பி57 ரசீது கேளுங்கள். அந்த ரசீதை மறுநாள் போய்க் கேட்டால் தர மாட்டார்கள். அது கையில் இருந்தால் மூன்று மாதத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

60 வயது நிரம்பியவர்களுக்கும் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கட்டணம் இல்லை. கர்ப்பிணிகளுக்கும், குழந்தை பிறந்து ஒரு வருடம் வரை தாய்மார்களுக்கும் தனிச் சான்று உண்டு. உறுதியாகத் தெரியாமல் "எனக்கு விலக்கு உண்டு" என்று டிக் செய்துவிடாதீர்கள். சான்று இல்லாமல் சொன்னால் மருந்துக் கட்டணத்தோடு 100 பவுண்டு வரை அபராதம் வீட்டுக்கு வரும். சான்று காலாவதியானதைக் கவனிக்காமல் இப்படி மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

மாதாமாதம்

மருத்துவர் உங்கள் மருந்தை 'ரிபீட்' பட்டியலில் சேர்த்த பிறகு ஒவ்வொரு முறையும் அவரைப் பார்க்க வேண்டாம். பெரும்பாலும் 28 நாளுக்கோ 56 நாளுக்கோ தருவார்கள். தீர்வதற்குச் சுமார் ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது நீங்கள்தான் கேட்க வேண்டும், தானாக வந்துவிடாது. என்எச்எஸ் ஆப்பில் மருந்துக்கு நேரே டிக் செய்து அனுப்பினால் போதும். ஆப்பில் உள்ளே போக முடியாதவர்கள் சர்ஜரி ரிசப்ஷனில் பதிவு விவரங்களைக் கேட்கலாம், அல்லது மருந்தோடு வரும் வெள்ளைத் தாளில் டிக் செய்து ரிசப்ஷன் பெட்டியில் போடலாம்.

28 நாள் மருந்து கைக்கு வந்த அன்றே 18-ஆம் நாளுக்கு ஃபோனில் அலாரம் வைத்துவிடுங்கள். சர்ஜரிக்கு இரண்டு மூன்று வேலை நாள், கடைக்கு ஒன்றிரண்டு நாள், நடுவில் சனி ஞாயிறு, அவ்வளவுதான் கணக்கு. கிறிஸ்மஸ், ஈஸ்டர் வாரங்களில் இன்னும் ஒரு வாரம் முன்பே கேளுங்கள். வருடம் ஒருமுறை ரத்தமும் மருந்துகளும் சரிபார்க்க அழைப்பு வரும். அதற்குப் போகாவிட்டால் ரிபீட் நின்றுவிடலாம்.

தீர்ந்தே போய்விட்டால்

முதலில் உங்கள் மருந்துக் கடைக்குப் போங்கள். ஏற்கெனவே இங்கே எழுதித் தரப்பட்ட மருந்தாக இருந்தால், பார்மசிஸ்ட் தன் பொறுப்பில் அவசரத்துக்குச் சில நாள் மருந்து தரச் சட்டம் இடம் கொடுக்கிறது. காலி டப்பாவோ ஆப்பில் இருக்கும் பட்டியலோ காட்டுங்கள். கட்டுப்பாட்டு மருந்துகள் பெரும்பாலும் இப்படிக் கிடைக்காது. சர்ஜரி மூடியிருக்கும் நேரம் என்றால் 111 எண்ணை அழையுங்கள். அவர்களே பக்கத்தில் திறந்திருக்கும் கடைக்கு அனுப்புவார்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், காசு கேட்க மாட்டார்கள்.

சீட்டு கேட்காமல் மருந்து அனுப்புகிறோம் என்று சொல்லும் இணையதளங்களில் வாங்காதீர்கள். தனியார் ஆன்லைன் கடையில் வாங்குவதாக இருந்தால் பொது மருந்தகக் கவுன்சிலின் பதிவேட்டில் அந்தக் கடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். நண்பரின் மாத்திரையைக் கடன் வாங்கவும் வேண்டாம்.

ஆன்டிபயாடிக்கும் சீட்டில்லாமல் கிடையாது. ஆனால் 2024 ஜனவரி 31 முதல் தொண்டை வலி, சைனஸ், காது வலி, பூச்சிக்கடியில் சீழ், சிரங்கு, அக்கி, பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று ஆகிய ஏழுக்கும் பார்மசிஸ்டே பார்த்து, வயதும் நிலைமையும் பொருந்தினால் மருந்து தரலாம். பாராசிட்டமால் சூப்பர் மார்க்கெட்டிலேயே பதினாறு மாத்திரை டப்பா கிடைக்கும்.

அப்பா அம்மா வரும்போது

ஆறு மாத விசிட் விசாவில் வரும் பெற்றோருக்கு ஆறு மாதத்துக்கும் கூடுதலாக இரண்டு வாரத்துக்கும் மருந்தை ஊரிலேயே வாங்கிவரச் சொல்லுங்கள். கட்டுப்பாட்டு மருந்து ஏதாவது இருந்தால் மட்டும் முன்னே சொன்ன மூன்று மாத விதி. ஜிபியைப் பார்ப்பது அவர்களுக்கும் இலவசம். தற்காலிகமாகப் பதிவு செய்துகொள்ளச் சொல்லலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் செலவில் ஒன்றரை மடங்கு பில் வரும். பயணக் காப்பீடு எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள நோய்களைச் சொல்லித்தான் எடுக்க வேண்டும்.

ஊருக்குப் போகும்போது

லீவுக்கு ஊருக்குப் போகும் பலர் ஒரு வருட மாத்திரையை அங்கேயே வாங்கிவந்துவிடுகிறார்கள். விலை குறைவு, ஜிபியோடு போராட்டம் இல்லை என்பார்கள். நான் அதை வேண்டாம் என்பேன். அப்படிச் செய்தால் இங்குள்ள பதிவில் நீங்கள் மருந்தை நிறுத்திவிட்டதாகத் தெரியும். வருடாந்திர ரத்தப் பரிசோதனை விட்டுப்போகும். அவசரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால் திரையில் பழைய அளவுதான் இருக்கும். விலக்குச் சான்றோ முன்கட்டணச் சான்றோ இருந்தால் விலை என்ற காரணமும் இல்லை. அதற்குப் பதில் கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே பயணத் தேதிகளைச் சொல்லி ஜிபியிடம் கூடுதல் மாதத்துக்குக் கேளுங்கள். எங்கள் சர்ஜரியில் இரண்டு மாதத்துக்குத் தந்தார்கள்.

போன வருடம் திருச்சியில் என் மனைவியின் மாத்திரைப் பை பேருந்தில் தவறிப்போனது. மருந்தோடு வந்த வெள்ளைத் தாளின் படம் அவள் ஃபோனில் இருந்தது. மாமியாரின் டாக்டரிடம் காட்டினாள். அவர் அதில் லெவோதைராக்சின் 75 என்று இருந்ததைப் படித்து, அதே அளவை எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுவிட்டாள். இப்போது அந்தத் தாளின் படம் எங்கள் இருவர் ஃபோனிலும் இருக்கிறது. ஒவ்வொரு முறை அளவு மாறும்போதும் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எடுத்து வைக்கிறோம்.